ஒயரில் கோத்த மாலை

கால கொஞ்சம் நவுத்திக்கினு குந்துங்க சார். கீழ கூடையில மாலை இருக்கு, நசுங்கிடும். வேலூர் மார்க்கெட்டுல பூக்காரனோட ஒரு பாட்டம் சண்ட போட்டுக் கட்டிக்கினு வந்தது. சாமந்தி, நடுவுல நடுவுல ரோஜா. அவன் நாருல கட்டித் தர்றேன்றான். நாரு வேணாண்டா, ஒயர்ல கோத்துக் குடுன்றேன் நான். "மாலைய எவனாவது ஒயர்ல கோப்பானாயா"ன்னு பக்கத்துக் கடைக்காரனப் பாத்துச் சிரிச்சான். சட்டையப் புடிச்சி ஒரு உலுக்கு உலுக்கினேன். மூச்சு காட்டாம கோத்துக் குடுத்துட்டான். சில பேருக்கு வாயில சொன்னா ஏறாது சார்.

நீங்க வாத்தியாரு. பாத்த உடனே தெரிஞ்சிக்கினேன், பையில ரெண்டு பேனா. எலெக்சன் டூட்டியா? குடியாத்தம் போயி பெட்டி வாங்கிக்கினு போவணும், அதான? எந்த ஊரு போட்டிருக்காங்க? கல்லேரிப்பட்டா! அட, எங்க ஊரு சார் அது. அப்ப நாளைக்குக் காலையில மொத ஓட்டு போடறவன நீங்களே பாக்கப் போறீங்க. என் தம்பி கன்னியப்பன். இந்த மாலை அவனுக்குத்தான்.

ஓட்டு போடறவனுக்கு எதுக்கு மாலைன்னு பாக்கறீங்க. கேளுங்க, சொல்றேன். இந்த பஸ்சு போற வேகத்துக்கு ராமாயணமே சொல்லி முடிச்சிடலாம்.

நான் மிலிட்டரி சார். சேப்பர் கம்பெனி. பாலம் கட்டறது, பாலம் ஒடைக்கறது, கண்ணிவெடி தோண்டறது, அதான் எங்க வேல. நாயக்கா இருந்தேன். கையில ரெண்டு பட்டை. நாயக் ஜெயவேலுன்னா செக்சனே நடுங்கும். ஒரு ஓட்டுக்காக அந்த ரெண்டு பட்டையும் போச்சு சார். என் ஓட்டு கூட இல்ல, ஊரான் ஓட்டு. எல்லார் முன்னாடியும் நிக்க வச்சி, பிளேடு போட்டு, தையல வெட்டி எடுத்தாங்க. இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் வயிறு எரியுது.

எந்த ஊருன்னா, கிரீஸ். நம்மளுக்கு எலெக்சன்னா இன்னான்னே தெரியாத காலம். நான் கண்ணால பாத்த மொத எலெக்சன் அங்கதான். ஜெர்மன்காரன் அந்த ஊர வுட்டு ஓடறப்ப இருந்த பாலத்தையெல்லாம் ஒடச்சிட்டு ஓடிட்டான். அதையெல்லாம் நாங்க கட்டினோம். சண்ட முடிஞ்சி எங்க ஆளுங்க கப்பல் ஏற ஆரம்பிச்சாச்சு. மலையோரமா ஒரு ஊர்ல ஒரே ஒரு பாலம் பாக்கின்னு எங்க செக்சன மட்டும் நிறுத்திக்கினாங்க.

சண்ட நம்மளுக்குத்தான் முடிஞ்சிது. அவங்களுக்கு முடியல. ராஜா கட்சின்னு ஒண்ணு, மலைக்கட்சின்னு ஒண்ணு. ராஜா ஊர்லயே இல்ல சார், லண்டன்ல குந்திக்கினு இருந்தாரு. அவரு திரும்பி வரணும்னு இவன், வரக்கூடாதுன்னு அவன். மலைக்கட்சின்றது, ஜெர்மன்காரன் இருந்தப்ப மலையில ஏறிக்கினு அவன சுட்டவங்க. செவப்புக்காரங்க. சண்ட முடிஞ்ச உடனே, துப்பாக்கியக் குடுத்துடுங்கடா, எல்லாரும் ஒத்துமையா இருக்கலாம்னு பெரிய தொரைங்க பேசி முடிச்சாங்க. கொண்டாந்து குடுத்தாங்க. நாங்கதான் வாங்கி அடுக்கினோம். குடுத்துட்டு வெறுங்கையோட வூட்டுக்குப் போனாங்களா, ராஜா கட்சிக்காரன் துப்பாக்கியோட வாசல்ல நின்னுக்கினு இருந்தான். அவன் கையில இருந்தத யாரும் கேக்கல.

அப்படித் துப்பாக்கியக் குடுத்துட்டு வந்தவன் ஒருத்தன், தனாசிஸ்னு பேரு. தச்சன். பாலத்துக்குப் பலகை அறுக்க எங்ககிட்ட கூலிக்கு வந்தான். எங்க ஆளுங்க வாயில தனாசிஸ் நுழையுமா? மறுநாளே தணிகாசலம் ஆயிட்டான். "தணிகாசலம்!"னா ஆத்துக்கு அந்தாண்டயிருந்து கை தூக்குவான். எங்க கொழம்பத் தின்னுட்டு மூக்குல தண்ணி வடிய இன்னும் ஊத்துன்னு தட்ட நீட்டுவான். தமிழ்ல ரெண்டு வார்த்த கத்துக்கினான். புடி. வுடு. பாலத்து வேலைக்கு அது ரெண்டும் போதும் சார். கம்பியப் புடின்னா புடிக்கணும், வுடுன்னா வுடணும். மாத்திச் செஞ்சா செத்துடுவோம்.

ஒரு நாளு அப்படித்தான், இரும்புச் சட்டத்த உருளை மேல தள்ளிக்கினு இருக்கறோம், உருளை வழுக்கிடுச்சி. சட்டம் அப்படியே என் கால் மேல வருது. எங்க ஆளுங்க அத்தன பேரும் கைய வுட்டுட்டானுங்க. தணிகாசலம் ஒருத்தன்தான் கடப்பாரைய உள்ள குடுத்து, தோளக் குடுத்து, "புடி புடி"ன்னு கத்திக்கினு நின்னான். தோள்ல சதை பிஞ்சிடுச்சி. இந்தக் கால் இன்னிக்கு இருக்குதுன்னா அவன் குடுத்தது. அதனால சொல்றேன், அவன எனக்கு யாரோ எவனோன்னு நெனச்சிடாதீங்க. கூடப்பொறந்தவன் மாதிரி.

இந்தா, டேய்! எங்கடா மிதிக்கற? கண்ணு இன்னா பிடரியிலயா இருக்குது? கூடை தெரியல? இன்னாது, கூட்டமா? கூட்டமா இருந்தா... இந்தா, வாங்கிக்க.

ஒண்ணுமில்ல சார். ஒரு அறை. இனிமே காலு எங்க வைக்கறோம்னு பாத்து வைப்பான் பாருங்க. நீங்க குந்துங்க.

எங்க வுட்டேன்? ஆங், எலெக்சன். பார்லிமெண்டு எலெக்சன்னு வந்துது. மலைக்கட்சி சொல்லிட்டான், இது மோசடி எலெக்சன், எங்காளுங்கள அடிச்சிக்கினு ஜெயில்ல போட்டுக்கினு இன்னா எலெக்சன், எவனும் போவக்கூடாதுன்னு. போனவன் துரோகி, அவன நாங்க பாத்துக்கறோம்னான். ராஜா கட்சி சொல்றான், எவன் போவலையோ அவன் செவப்புக்காரன், அவன நாங்க பாத்துக்கறோம்னு. போனாலும் அடி, போவலன்னாலும் அடி.

அந்த ஊருக்கு ராஜா கட்சி ரவுடி ஒருத்தன், லாம்ப்ரோன்னு. செருப்புக் கடைக்காரன் புள்ள. எங்கியோ ஒரு பட்டாளத்துக் கோட்டு கெடச்சிருக்கு, அதப் போட்டுக்கினு ஏழெட்டு பேரோட சுத்துவான். ஒரு நாளு காப்பிக் கடையில ஒரு கெழட்டு வாத்தியாரு மலைக்கட்சி பேப்பரு படிச்சிக்கினு இருந்தாரு. அந்தப் பேப்பர அவரையே தின்ன வச்சான் சார். அவரு மெல்றப்பவே, துப்பாக்கிக் கட்டையால வாயில இடிச்சான். பல்லும் பேப்பரும் ஒண்ணா முழுங்கினாரு. நானு அடுத்த மேசையில காப்பி குடிச்சிக்கினு இருந்தேன். நீங்க தலையிடக்கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டரு. நான் ஆர்டர மீறினவன் இல்ல. காப்பியக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

அப்பால தணிகாசலத்தத் தூக்கிக்கினு போனானுங்க. உள்ளங்கால்லயே அடிச்சிருக்கானுங்க. வேலைக்கு வரலியேன்னு பாத்தா, மூணாம் நாளு முட்டி போட்டுக்கினு வர்றான் சார், ஊர்லயிருந்து பாலம் வரைக்கும் முட்டியாலயே. முட்டி ரெண்டும் ரத்தம். வந்து ரம்பத்த எடுத்துக்கினு குந்தினான். "ஏண்டா இப்படி"ன்னா, "பலகை பாக்கி"ன்னு கையக் காட்றான். அவ்ளோ அழுத்தக்காரன்.

எலெக்சனுக்கு முந்தின வாரம் அவன் கழுதைய அறுத்துட்டானுங்க. வெறும் கழுதை சார், அது எந்தக் கட்சி? தலைய வெட்டி அவன் வூட்டு நெலவாசல் மேல மாட்டி வச்சிருந்தானுங்க. காலையில கதவத் தொறந்தவ அவன் பொண்டாட்டி வசிலிக்கி. மூஞ்சில ரத்தம் சொட்டியிருக்குது. அப்படியே, மூஞ்சி கூடத் தொடைக்காம, எங்க கூடாரத்துக்கு ஓடியாந்துட்டா.

தொரைகிட்ட போவல சார். எங்கிட்ட வந்தா. கையாலயும் அரை வார்த்தையாலயும் சொல்றா. இவன் ஓட்டு போட்டுட்டான்னா லாம்ப்ரோ வுட்டுடுவான். நீ சொன்னா இவன் கேப்பான், நீ கூட்டிக்கினு போன்னு. சரி, கூட்டிக்கினு போறேன்னேன். அப்பால அவ தலையில கட்டியிருந்த கருப்புத் துணிய இழுத்து மூஞ்சிய மறைச்சிக் காட்றா. எங்க லாரியக் காட்டி, மேல படுதா மூடற மாதிரி கையால செய்யறா. யாரு கண்ணுலயும் படாம கொண்டுபோயி கொண்டாந்துடுன்றா. மலையக் காட்டி, கழுத்துல வெரல இழுத்துக் காட்றா.

எனக்கு அது புடிக்கல. நீங்களே சொல்லுங்க. ஓட்டு போடறது இன்னா திருட்டு வேலையா? என் காலக் காப்பாத்துனவன், அவனப் படுதா மூடி, கோழி திருடன மாதிரி கொண்டுபோவணுமா? எங்க ராணுவம் பக்கத்துல நிக்கறப்ப மலையிலயிருந்து எவன் வந்து தொடுவான்? சரிம்மா சரிம்மான்னு அனுப்பி வச்சேன். மனசுக்குள்ள வேற கணக்குப் போட்டுட்டேன்.

அதுக்கு ஏத்த மாதிரி பாலமும் எலெக்சனுக்கு முந்தின சாயங்காலம் முடிஞ்சிது. ஓட்டு போடற பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தாண்ட. அத்தன நாளா படகுலதான் போவணும். எலெக்சன் அன்னிக்கே பாலத்தத் தொறந்துடுங்கடான்னு தொரை சொல்லிட்டாரு. எங்க செக்சன்ல ஒரு வழக்கம் உண்டு. பாலம் முடிஞ்சா பூசை போட்டு, அதுக்கு யாரு அதிகமா பாடுபட்டானோ அவனுக்கு மாலை போட்டு, மொத ஆளா தாண்ட வைப்போம். தொரை கூட அதுக்கப்புறம்தான் தாண்டுவாரு. இட்டாலியில எனக்கே போட்டிருக்காங்க. இந்தப் பாலத்துக்கு யாரு? தணிகாசலம்தான். செக்சனே கை தூக்கிச்சி. மாலையும் ஆச்சு, ஓட்டும் ஆச்சு. மரியாதையா தாண்டுவான், மரியாதையா ஓட்டு போடுவான், மரியாதையா வூட்டுக்கு வருவான்.

எத்திராஜுன்னு ஒரு சேப்பரு, காட்பாடிக்காரன், அவன்தான் மாலை கட்டினான். மஞ்சப் பூவு, செவப்புப் பூவு, மலையெல்லாம் பூத்துக் கெடந்துது. நாருக்கு எங்க போறது? டெலிபோன் ஒயரு இருந்துது, அதுல கோத்தான். நல்ல கனமான மாலை. ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குப் போடலாம்.

காலையில தணிகாசலம் வந்தான். மாலையப் பாத்தான், சிரிச்சான். பாலத்துக்குன்னேன், தலையாட்டினான். பாலத்தத் தாண்டி அப்படியே பள்ளிக்கூடம்னேன். சிரிப்பு போயிடுச்சி. மாட்டேன்னான். "துப்பாக்கி குடுத்தேன், நாயக்"ன்னு அவன் பாஷையில சொன்னான். "உங்கிட்டதான் குடுத்தேன். இதக் குடுக்க மாட்டேன்." மலையப் பாத்தான், லாம்ப்ரோ இருக்கற ஊர்ப் பக்கம் பாத்தான். ரெண்டு பேரும் கொல்லுவாங்க, நான் சாவப்போறது எனக்குத் தெரியும், ஆனா இப்படி வேணாம்னு ஏதோ சொன்னான். முழுசா எனக்குப் புரியல. எனக்குக் கோவம் வந்துடுச்சி சார். ஓட்டுதான? ஒரு காகிதம். மடிச்சிப் போட்டுட்டு வந்தா உசிரு மிச்சம். இதுக்கு இன்னா இவ்ளோ வீம்பு? ஒரு பொம்பள, கழுதை ரத்தம் சொட்டின மூஞ்சியோட வந்து என் கால்ல வுழுந்திருக்கா, இவன் பெரிய இதாட்டம் பேசறான்.

அறைஞ்சேன். அவன் திரும்பி நடந்தான், அந்தப் புண்ணு காலோட. பின்னால போயி புடிச்சேன். தள்ளினான். அப்பால நான் பாக்கல, எங்க பட்டுது எங்க படலன்னு பாக்கல, அடிச்சேன். ஒதடு கிழிஞ்சிது. பக்கப் பல்லு ஒண்ணு வெளிய வந்துது. "வுடு நாயக், வுடு நாயக்"ன்னான். அந்தத் தமிழு நான் கத்துக் குடுத்தது. வுடல. நாலு பேரு தூக்கி லாரி மேல நிக்க வச்சோம். படுதாவெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டேன், எல்லாரும் பாக்கட்டும்னு. மாலையப் போட்டா கழட்டி எறியறான். மறுபடி போட்டா மறுபடி எறியறான். எத்திராஜு கொறடு எடுத்தான், கழுத்துக்குப் பின்னால ஒயர ரெண்டு சுத்து முறுக்கி வுட்டான். அப்பால எறிய முடியல.

பெட்ரோல் டின்னத் தட்டிக்கினு கெளம்பினோம். நம்ம பறை கெட்டுது போங்க, அப்படி ஒரு அடி. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஜனங்க. கெழவனுங்க, பொம்பளைங்க, கொழந்தைங்க. அந்தாண்ட மலைச் சரிவுல கூட ஆளுங்க நின்னுக்கினு பாத்தாங்க. ஒருத்தர் பேசல சார். ஒரு சத்தம் இல்ல. கொழந்தை அழுதா கூட வாயப் பொத்தினாங்க. அவ்ளோ மரியாதை. என் வாழ்க்கையில அப்படி ஒரு மரியாதைய நான் பாத்ததில்ல. எனக்கு ரோமம் சிலுத்துக்கிச்சி.

பள்ளிக்கூடத்து வாசல்ல லாம்ப்ரோவே நின்னான். தணிகாசலத்தப் பாத்து ஒரு சல்யூட் அடிச்சான். கட்டிப்புடிச்சி ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தான், எல்லாரும் பாக்க. பாத்தீங்களா, ராசியாயிட்டானுங்க. எலெக்சன் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறதுக்கு வெளி தேசத்துலயிருந்து அதிகாரிங்க வந்திருந்தாங்க. அதுல ஒருத்தரு போட்டோ எடுத்தாரு. ஒதட்டு ரத்தத்த மட்டும் தொடைக்கச் சொன்னாரு. நான்தான் என் கைக்குட்டையால தொடச்சி வுட்டேன். உள்ள போனான், போட்டான், வந்தான். அவ்ளோதான். ஒரு காகிதம்.

வூட்டு வாசல்ல கொண்டுபோயி எறக்கினோம். வசிலிக்கி வெளிய வந்தா. சந்தோசப்படுவான்னு பாத்தா, மாலையப் பாத்த உடனே கத்தினா பாருங்க. ஓடியாந்து ரெண்டு கையாலயும் இழுக்கறா. பூவெல்லாம் கொட்டுது, ஒயரு வருமா? கழுத்துத் தோலுதான் அறுத்துது. எத்திராஜு கொறட்ட பாலத்துலயே வச்சிட்டு வந்துட்டான். நாளைக்கு வந்து வெட்டி வுடறேம்மான்னு சொன்னேன். தணிகாசலம் என் தோள் மேல கை வச்சான். அப்பால கதவ சாத்திக்கினான்.

மறுநாளு வெடிஞ்ச உடனே கொறட்ட எடுத்துக்கலாம்னு பாலத்துக்குப் போறேன். பாலத்து நடுவுல, அவன் பலகை போட்ட எடத்துல, சட்டத்துலயிருந்து தொங்கறான் சார். ஆத்துப் பக்கமா. அந்த ஒயர்லயே. பூவு ஒண்ணு கூட இல்ல, வெறும் ஒயரு. வலது கை மணிக்கட்டோட இல்ல. கீழ தண்ணி சுழிச்சிக்கினு போவுது, காத்துக்கு அவன் சட்டத்துல மோதி மோதி, டங்கு டங்குன்னு பூட்ஸ் சத்தம். ஒயரு அறுந்து போவல பாருங்க. சர்க்கார் ஒயரு, ஆறடி ஆள தாங்கிடுச்சி. கொறடு பக்கத்துலயே பலகை மேல கெடந்துது. அத எடுத்துத்தான் வெட்டி எறக்கினேன்.

யாரு செஞ்சதுன்னு கேக்கறீங்களா? மலைக்கட்சிதான் செஞ்சான், துரோகின்னு கொன்னான்னு லாம்ப்ரோ சொன்னான். லாம்ப்ரோ செஞ்சிட்டு எங்க மேல போடறான்னு மலைக்கட்சி நோட்டீசு ஒட்டினான். எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா யாரையாவது அடிக்கணும் இல்ல? என் கூட்டாளி சார். பாலத்து ஸ்பானர எடுத்துக்கினு காப்பிக் கடைக்குப் போனேன், முழங்கை நீளம் இருக்கும். லாம்ப்ரோ முந்தின நாளு முத்தம் குடுத்த வாயாலயே காப்பி குடிச்சிக்கினு இருந்தான். மொத அடியில தாடை தனியா போச்சு. ரெண்டாவது கை. அப்பால அவன் கத்தறது நின்னுது, நான் நிக்கல. எங்க ஆளுங்களே வந்து ஆறு பேரு சேந்து இழுத்தாங்க. செத்துடல, பொழச்சிக்கினான். ஆனா கஞ்சிதான் குடிச்சிருப்பான் அப்பால.

அதுக்குத்தான் பட்டை போச்சு. சிவிலியன அடிச்சான், ஆர்டர மீறினான்னு. சரி, அது போவட்டும். இன்னொண்ணு சொல்றேன், அதான் மனசுல இருந்து போவல. என்னக் காவல்ல வைக்கறதுக்கு முந்தி சாவுக்குப் போனேன் சார். அன்னிக்கே பொதச்சாங்க. வெறுங்கையோட போவலாமா? எத்திராஜுகிட்ட சொல்லி இன்னொரு மாலை கட்டி எடுத்துக்கினு போனேன். நம்ம மொறை அதான? வசிலிக்கி என்னயும் பாத்தா, மாலையயும் பாத்தா. நேரா வந்து மூஞ்சில காறித் துப்பினா. அவ்ளோ ஜனங்க முன்னாடி. அவ புருசன நான் ஓட்டு போட வச்சேன், அவ கேட்டத செஞ்சேன், அவனுக்காக ஒருத்தன் தாடைய ஒடச்சேன், பட்டையப் பறிகொடுத்தேன். என் மூஞ்சில துப்பினா. நன்றி கெட்ட ஜனங்க சார் அவங்க.

கப்பல்ல வர்றப்ப பூரா யோசிச்சேன். எங்க தப்பு நடந்துதுன்னு. நல்லாதான செஞ்சோம், எல்லாம் சரியா நடந்துதே, எங்க தப்பு? அப்பால புரிஞ்சிது. கொறடு. கொறடு மட்டும் அன்னிக்கு என் பையில இருந்திருந்தா, வாசல்லயே வெட்டி வுட்டிருப்பேன். அவன் கழுத்துல ஒயரு இருந்திருக்காது. எவன் வந்தாலும் புடிச்சி இழுக்க ஒண்ணும் இருந்திருக்காது. ஒரு கொறடு சார். அவ்ளோதான்.

இப்ப என் தம்பி கதைக்கு வரேன். எங்க தெருவுல செத்தவன சுடுகாட்டுக்குக் கொண்டுபோவ வழியில்ல. பெரிய வூட்டுக்காரங்க கழனி வழியாத்தான் போவணும், அவங்க வுட மாட்டாங்க. போன மழைக்கு எங்க சின்னம்மா பொணத்த எடுத்துக்கினு போறப்ப கல்லால அடிச்சானுங்க. பாடை கவுந்து பொணம் சேத்துல வுழுந்துது. அதுக்காக தெருவே ஒண்ணு கூடி, வழி குடுக்கற வரைக்கும் எவனும் ஓட்டு போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டானுங்க. எவனாவது போட்டா அவன் காலு இருக்காதுன்னு வாலிபப் பசங்க சொல்லிக்கினு திரியறானுங்க. முன்னால நிக்கறவன் என் தம்பி கன்னியப்பன். பெரிய வூட்டுக்காரன் சொல்லியனுப்பிட்டான், உங்க தெரு ஓட்டு வுழலன்னா தெருவே இருக்காதுன்னு. நேத்து கன்னியப்பன் வைக்கப்போருக்கு நெருப்பு வச்சிட்டானுங்க. கட்டியிருந்த கன்னுக்குட்டியும் சேந்து வெந்து போச்சு.

அவன் பொண்டாட்டி ராத்திரியே எங்கிட்ட ஓடியாந்தா. "மாமா, அவரு வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க கூட்டிக்கினு போயி போட வச்சிடுங்க. ஆனா வெடியறதுக்குள்ள, யாருக்கும் தெரியாம, பின்பக்கமா கூட்டிக்கினு போயி கூட்டியாந்துடுங்க மாமா, தெருவுக்குத் தெரிஞ்சா வெட்டிடுவாங்க"ன்னு அழுவுறா. சரிம்மா சரிம்மான்னு அனுப்பி வச்சேன்.

பின்பக்கமாவா? என் தம்பியா? யாருக்கு சார் பயம்? வண்டி சொல்லிட்டேன், கொம்புக்கு வர்ணம் அடிச்ச ஜோடி மாடு. மேளம் சொல்லிட்டேன். தெரு நடுவுல, பெரிய வூட்டு வாசல் வழியா, பட்டப்பகல்ல கொண்டுபோறேன். அவன் மொத ஓட்டு போட்டா ரெண்டு பக்கமும் சண்ட அடங்கிடும். வீம்புக்காரன்தான், மாட்டேன்னுதான் சொல்லுவான், மாலையக் கழட்டி எறிவான். அதுக்குத்தான் ஒயரு. ரெண்டு சுத்து முறுக்கிட்டா அப்பால எறிய முடியாது.

இந்தப் பக்கம் பாருங்க, இடுப்புல. தொட்டுப் பாருங்க. புதுக் கொறடு, இன்னிக்கு வாங்கினது. இந்த வாட்டி நான் மறக்கல. ஓட்டு போட்டுட்டு வந்த உடனே, வூட்டு வாசல்லயே, என் கையாலயே வெட்டி வுட்டுடுவேன். இருபது வருசமா யோசிச்சி வச்சிருக்கறேன் சார்.

இன்னா சார், மூஞ்சியெல்லாம் வேத்துப் போச்சு. ஜன்னலத் தொறக்கட்டுமா? நீங்க பயப்படாதீங்க, உங்க பெட்டிக்கு ஒண்ணும் ஆவாது, நான் இருக்கறேன். நாளைக்கு உங்க கையாலதான் அவன் வெரல்ல மை வைக்கப் போறீங்க. வலது கையோ இடது கையோ, நல்லா பாத்து வையுங்க.

தோ கூட்ரோடு வந்துடுச்சி. நான் எறங்கணும். மேல மூட்டை இருக்கு, எடுத்துக்கறேன். அதுவரைக்கும் இந்த மாலைய கொஞ்சம் புடிங்க.

புடிங்க சார். பூ சார், கடிக்காது. இன்னாத்துக்குக் கைய இழுத்துக்கறீங்க? சார். புடிங்க.